சின்ன மாமி யாருடைய பாட்டு?

போன வருடக் கலைவிழாவில் "சின்ன மாமியே" பாட்டை ஏ.ஈ.மனோகரனின் பாட்டு என்று மேடையில் அறிவித்தவள் நான்தான். ஹேவாஹெட்டவுக்குத் திரும்பும் பஸ்ஸில், வானொலி கேட்டு வளர்ந்த வாப்பா மெதுவாகத் திருத்தினார்: "அது நித்தி கனகரத்தினத்தின் பாட்டு மகள்."

பிறகுதான் தேடி அறிந்தேன். நித்தி யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்தவர். 1960களின் இறுதியில், சினிமாப் பாட்டுகளே எங்கும் ஒலித்த காலத்தில், கிட்டாரை மீட்டியபடி ஊர்ப் பேச்சுத் தமிழில் சொந்தப் பாட்டுகளைப் பாடினார். பைலாவின் துள்ளலும் மேலைத்தேய பொப் இசையும் அவற்றில் கலந்திருந்தன. சிரிக்கவைத்தபடியே, கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தியும் சொன்னார். இலங்கை வானொலி அவரது பாட்டுகளை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது.

"சுராங்கனி" பாடிய மனோகரன் தமிழகம் சென்றார், சினிமாவில் நடித்தார், புகழ் பெற்றார். நித்தியோ விவசாய விரிவுரையாளராகப் பணிபுரிந்து, பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். பாட்டு நாடெங்கும் பரவியது. பாடியவர் பெயர் பின்தங்கிவிட்டது.

தோழியரே, இனி ஒரு பாட்டைப் பாடுமுன் அதை ஆக்கியவரின் பெயரையும் கேட்டறிந்து சொல்லுவோம். அதுவும் ஓர் அமானிதம்தான்.