ஊற்றை இறைத்த பிறகே கரி

நெய்வேலி மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடப்பது 1930-களிலேயே, ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தெரிந்துவிட்டது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரிப் படிவம் கண்ணில் பட்டதோ 1961-இல்தான். வெட்டுவதைக் கடினமாக்கியவற்றுள் முக்கியமானது கரிக்கு அடியில் அழுத்தத்தோடு கிடக்கும் ஊற்று நீர். மேல்மண்ணை அகற்றிவிட்டுச் சும்மா இருந்தால் அது சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு பொங்கும். அதனால் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வெட்டுகிறார்கள். செயற்கை நுண்ணறிவையும் குவாண்டம் கணினியையும் ஒரே மூச்சில் சொல்லி மாணவர்களை அழைக்கும் விளம்பரங்களைப் படிக்கும் நெய்வேலி டவுன்ஷிப் பெற்றோருக்கு அந்த ஊற்று நினைவுக்கு வருவது நல்லது. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான க்யூபிட்டுகளைச் செய்தாகிவிட்டது. அவற்றின் அடியில் பொங்கும் பிழைதான் இன்னும் அடங்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு, குவாண்டம் ஆகிய இந்த இரு துறைகளையும் இணைத்து வாழ்க்கைத்தொழில் அமைத்துக்கொண்டவர்களில் ஸ்ரீனிவாசன் அருணாசலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாமில் 2018-இல் முனைவர் பட்டம் பெற்று, பிறகு ஐபிஎம் குவாண்டம் ஆய்வுப் பிரிவில் பணியாற்றியவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த தொடக்ககால முடிவு ஒரு கைவிரிப்பு. ஆய்வாளர் ரொனால்ட் டி வுல்ஃபுடன் சேர்ந்து 2017-இல் அவர் நிறுவியது இது: ஓர் இயந்திரம் எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும்போது, அந்த எடுத்துக்காட்டுகளைக் குவாண்டம் நிலைகளாகவே கொடுத்தாலும், தரவு எந்த விதமாகப் பரவியிருந்தாலும் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்டால், தேவைப்படும் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. பத்து லட்சம் மாதிரிகள் தேவைப்படும் வேலை குவாண்டம் வந்தால் நூறில் முடிந்துவிடும் என்று சொல்ல இடமில்லை. அடுத்த ஆண்டே இதே திசையில் இன்னோர் அடி விழுந்தது. வாடிக்கையாளருக்குப் பொருள்களைப் பரிந்துரைப்பதற்கு ஆய்வாளர்கள் கெரெனிடிஸும் அனுபம் பிரகாஷும் 2016-இல் தந்த குவாண்டம் வழிமுறைக்கு, ஏறத்தாழ அதே அளவு வேகமான சாதாரணக் கணினி வழிமுறை ஒன்றை 18 வயது மாணவியான யுவின் டாங் கண்டுபிடித்தார்.

அப்படியானால் இந்த இணைப்பே வீண்தானா? இல்லை. 2021-இல் லியு, டெம்மே ஆகியோருடன் அருணாசலம் வெளியிட்ட கட்டுரை, வகைப்படுத்தும் கணக்கு ஒன்றில் குவாண்டம் கற்றல் உண்மையாகவே முந்தும் என்று காட்டியது. ஆனால் அந்தத் தரவு, மறைக்குறியீட்டுக் கணிதத்தின் கடினமான புதிர் ஒன்றைச் சுற்றி வேண்டுமென்றே கட்டப்பட்டது. கடைக் கணக்கும் எக்ஸ்ரே படமும் அந்த வடிவில் வருவதில்லை. எங்கே முடியாது, எங்கே முடியும் என்ற வரப்பை இரண்டு பக்கமிருந்தும் ஒரே மனிதர் அளந்திருக்கிறார். இந்தத் துறையில் மதிக்கத்தக்க வேலை அதுதான் என்பது என் வாதம்.

இணைப்பின் மறுபக்கம், அதாவது குவாண்டம் கணினிக்குச் செயற்கை நுண்ணறிவு உதவுவதுதான், இன்று விளைச்சல் தருகிறது. கூகுள் டீப்மைண்ட் 2024 நவம்பரில் வெளியிட்ட ஆல்ஃபாக்யூபிட், குவாண்டம் கணினியின் பிழைகளை நரம்பு வலையமைப்பால் கண்டுபிடிக்கிறது. கூகுளின் சிகமோர் குவாண்டம் சில்லின் தரவில் அது, மெதுவான ஆனால் துல்லியமான பழைய முறையைவிட 6 விழுக்காடும், வேகமான முறையைவிட 30 விழுக்காடும் குறைவாகத் தவறு செய்தது. நெய்வேலி மொழியில் சொன்னால், இது மோட்டார் போட்டு ஊற்றை இறைக்கிற வேலை. அப்போது அந்த மோட்டாருக்கு வேகம் போதவில்லை: சில்லு நொடிக்கு லட்சக்கணக்கில் சோதனை முடிவுகளைக் கொட்ட, ஆல்ஃபாக்யூபிட்டால் உடனுக்குடன் ஈடுகொடுக்க முடியவில்லை.

எல்லையை அளப்பதே மதிக்கத்தக்கது என்ற என் வாதத்துக்கு ஒரு மறுப்பு எழும். எல்லை வகுப்பவர்கள் பலமுறை தோற்றிருக்கிறார்கள். ஊற்றைக் கண்டு பயந்திருந்தால் நெய்வேலியே இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் துணிச்சலை மட்டும் நம்பி யாரும் மண்வெட்டியைத் தூக்கவில்லை. நீரின் அழுத்தத்தை அளந்து, இறைத்து, பிறகு வெட்டினார்கள். இன்னொரு மறுப்பு பணத்தைப் பற்றியது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாயை அரசு சும்மா ஒதுக்குமா? சும்மா இல்லை. ஆனால் அதன் நான்கு மையங்களில் சென்னை ஐஐடி ஏற்றிருப்பது பாதுகாப்பான தகவல்தொடர்பு. அந்த வேலையின் அடித்தளம் செயற்கை நுண்ணறிவு அல்ல. திட்டத்தின் தொகையைக் காட்டி இணைப்புப் படிப்பு விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நுனிநாக்கு ஆங்கிலமும் பெருநகர ஆய்வகமும் இல்லாத பிள்ளைக்கு இதெல்லாம் எட்டாது என்பது மூன்றாவது, கொஞ்சம் வலுவான மறுப்பு. குவாண்டம் கணினிக்கு வேண்டிய குளிர்கலனும் சில்லும் எட்டாதுதான். ஆனால் அருணாசலம் செய்ததைப் போன்ற கோட்பாட்டு வேலைக்குக் காகிதமும் கணிதமும்தான் முதலீடு. க்யூபிட்டின் நிலை கலப்பு எண்களால் எழுதப்படுகிறது. அதன் மீது நடக்கும் ஒவ்வொரு செயலும் ஓர் அணி. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் முதல் அத்தியாயம் அணிகள், இரண்டாவது கலப்பு எண்கள். கற்றல் கோட்பாட்டுக்கு வேண்டிய நிகழ்தகவு பதினோராவது அத்தியாயத்தில் வருகிறது.