முற்றத்துத் தொலைகாட்டியிற் சனிக்கோள்

விண்மீன்களிடையே இடம்பெயர்ந்து செல்வனவற்றைக் கோள்கள் எனப் பண்டையோர் வேறுபிரித்தறிந்தனர். வெறுங்கண்ணுக்குப் புலனாகும் கோள்களுள் மிக மெதுவாகச் செல்வது சனி. அதனாலன்றோ அதற்கு மந்தன் என்னும் பெயரும் வழங்கலாயிற்று. ஓர் இராசியைக் கடக்க அதற்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு செல்லும் என்றும், பன்னிரண்டு இராசிகளையுஞ் சுற்றிவர முப்பது ஆண்டு செல்லும் என்றும் பஞ்சாங்கங் கணித்தோர் கூறுவர். இக்கால வானியலார் காட்டுங் கணக்கு ஏறக்குறைய 29.5 ஆண்டு. கருவி யாதுமின்றிப் பொறுமையொன்றாற் பெற்ற இவ்வறிவு வியக்கத்தக்கதே.

ஆயினும், அக்கோளைச் சூழ்ந்து நிற்கும் வளையத்தை வெறுங்கண் காணமாட்டாது. அதனைக் காண்பதற்குப் பெரியதோர் ஆய்வுநிலையம் வேண்டும் எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையானது. 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள வில்லையும் ஐம்பது மடங்கு உருப்பெருக்கமும் உடைய சிறு தொலைகாட்டியே அதற்குப் போதும். கருவி கிடைத்தபின்னும் வேண்டப்படுவது கண்டதைச் சீர்தூக்கும் பயிற்சி. இதற்குக் கலிலியோவின் வரலாறே தக்க சான்றாகும்.

இத்தாலி நாட்டுப் பாதுவா நகரில் 1610ஆம் ஆண்டு சனவரி மாதம் 7ஆந் திகதி இரவு, ஏறக்குறைய இருபது மடங்கு பெருக்கிக் காட்டுந் தொலைகாட்டியால் அவர் வியாழனை நோக்கினார். அதனருகே மூன்று ஒளிப்புள்ளிகள் தோன்றின. அடுத்துவந்த இரவுகளில் அவை இடம்மாறுதலையும், நான்காவதொன்று உண்மையையுங் கண்டு, அவை வியாழனைச் சுற்றுந் துணைக்கோள்கள் எனத் துணிந்தார். அவ்வாண்டு யூலையிற் சனியை நோக்கியபோதோ, நடுவிற் பெரியதொன்றும் இருமருங்குஞ் சிறியன இரண்டுமாக மூன்று கோள்கள் நெருங்கி நிற்பனபோலத் தோன்றின. 1612ஆம் ஆண்டின் இறுதியிற் பக்கத்தன இரண்டும் மறைந்தன. முன்னர்க் கண்டது மாயமோ என ஐயுறுமளவுக்கு அவர் திகைத்தார். பின்னர் அவை மீண்டுந் தோன்றின. எனினும் அவற்றின் இயல்பை அறியாமலே அவர் 1642இல் உயிர் நீத்தார்.

அத்திகைப்பைத் தீர்த்தவர் ஒல்லாந்து தேசத்து அறிஞராகிய ஹைகன்ஸ். அவர் 1655இற் சனியின் மிகப் பெரிய துணைக்கோளாகிய தைத்தானைக் கண்டுபிடித்தார். அக்காலத்தில் வளையம் ஏறக்குறைய மறைந்தேயிருந்தது. ஆயினும், தாம் கண்டவற்றையும் பிறர் வரைந்த படங்களையும் ஒப்புநோக்கி, சனியை எங்குந் தொடாத மெல்லிய தட்டை வளையமொன்று அதனைச் சூழ்ந்துள்ளது என உய்த்துணர்ந்தார். 1659இல் அதனை நூலாக விளக்கினார்.

வளையம் மறைவது எங்ஙனம்? தாம்பாளமொன்றைச் சாய்த்துப் பிடித்தால் அதன் பரப்புத் தோன்றும். கண்மட்டத்திற் கிடையாகப் பிடித்தால் விளிம்பு மாத்திரம் ஒரு கோடாய்த் தோன்றும். சனியின் வளையம், அக்கோள் செல்லுந் தளத்துக்கு ஏறக்குறைய 27 பாகை சாய்ந்து, அச்சாய்வு மாறாது நிற்கின்றது. ஆகவே, சனி ஞாயிற்றை ஒருமுறை சுற்றுங் காலத்தில் நாம் அவ்வளையத்தை ஒருபால் மேலிருந்தும் மறுபாற் கீழிருந்துங் காண்கின்றோம். ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுக்கொருமுறை விளிம்பே நம்மை நோக்கும். பிரதான வளையங்களின் விட்டம் 2,70,000 கிலோமீற்றர் வரை விரிந்திருப்பினும், தடிப்பு மிகப் பெரும்பாலும் சில பத்து மீற்றரே. ஆதலின் அந்நாளில் அது கண்ணுக்குப் புலனாவதில்லை. 2017இல் அகல விரிந்து தோன்றிய வளையம் 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் விளிம்பாயிற்று. அதன்பின் ஆண்டுதோறும் விரிந்து 2032ஆம் ஆண்டளவில் மீண்டும் நிறைவெய்துவது அதன் முறை.

இதனை முற்றத்திலிருந்து காண விரும்புவோர் சிலவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும். விண்மீன்கள் மிகுதியாகக் கண்சிமிட்டும் இரவு, வானந் தெளிவாயிருப்பினும், கோள்களை நோக்க ஏற்றதன்று. வளியின் கொந்தளிப்பையே அது காட்டும். பகல்வெயிலிற் சூடேறிய கூரைக்கு மேலாக நோக்குதலுந் தகாது. தொலைகாட்டியை அரைமணி நேரம் முன்னரே வெளியில் வைத்துக் குளிரவிடல் நன்று. முதலிற் குறைந்த உருப்பெருக்கத்தாற் கோளைத் தேடிப் பிடித்து, பின்னரே கூடியதற்கு மாறவேண்டும். கோள் சில நிமிடங்களிற் பார்வைப்புலத்தைக் கடந்து போதல் கருவியின் குறையன்று. பூமி சுழல்வதற்கு அது கண்கண்ட சான்று. ஞாயிற்றை மாத்திரம் தொலைகாட்டியால் ஒருபோதும் நோக்கலாகாது. நோக்கின் கண்ணொளி கெடும். பூமத்தியரேகைக்கு அண்மையிலுள்ள ஈழநாட்டிற் கோள்கள் வானுச்சியை அடுத்துச் செல்லுதலால், வளித்தடை குறைந்து உருவந் தெளிவுறும். இது வடதேசத்து வானியலார்க்கு எளிதிற் கிட்டாத பேறு.

முதன்முறை நோக்குவோர், இத்துணைச் சிறியதோ எனச் சோர்வுறுதல் இயல்பு. கால்மணி நேரம் இமை சோராது நோக்கின், வளி அமைதியுறுங் கணங்களில் வளையம் கோளினின்றும் பிரிந்து தெளிவாய்த் தோன்றும். அப்பொழுதே அதனை வரைந்து, திகதியும் நேரமுங் குறித்தல் வேண்டும். மாணவன் ஒருவன் ஆண்டுக்கொரு படமாக வரைந்து வருவானாயின், வளையத்தின் சாய்வு மாறித் தோன்றுதலைத் தன் கைப்படவே நிறுவுவான். கலிலியோவைத் திகைக்க வைத்த காட்சி ஹைகன்ஸுக்கு விளங்கியமைக்கு அவரது கூரிய கருவி மாத்திரங் காரணமன்று. பல்லாண்டுக் காட்சிகளை ஒருங்குவைத்து எண்ணியமையுங் காரணமாம். அப்பழக்கத்தைச் சிறு தொலைகாட்டியும் ஒரு குறிப்பேடுமே பயிற்றவல்லன.