விட்டதைத் தொட்டவர் மீண்டும் விடுதல்

தமிழாசிரியர் ஒருவர் விழா மலருக்கு எழுதப் புகுந்தால் சங்க இலக்கியத்தையோ புராணத்தையோ எடுத்துக்கொள்ளுதல் மரபு. நான் எடுத்துக்கொண்ட பொருள் புகைத்தல்; அதிலும், புகைத்தலை ஒருமுறை விட்டு, மீண்டும் அதில் வீழ்ந்து, பின்னரும் விட முயல்வோர் நிலை. இம்மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவருள்ளும் ஆசிரியருள்ளும் அந்நிலையில் உள்ளோர் சிலராவது இருப்பர். அவர்களை நினைந்தே எழுதுகின்றேன்.

புகையிலை நம் நிலத்துக்குரிய பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, போர்த்துக்கேயர் வாயிலாகக் கீழைத்தேயம் புகுந்தது. அதனாலேதான் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் புகைக்கு அதிகாரம் வகுத்திலர். வந்தபின்னோ அது விரைந்து வேரூன்றிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பணப்பயிராயிற்று. தமிழகத்திலே சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் அதனையே தூது விடுத்துப் ‘புகையிலை விடு தூது’ பாடினார். விருந்தினும் இழவினும் வெற்றிலைத் தட்டத்தில் இடம்பெற்ற ஒன்றை ஒருவர் தனித்து நின்று விலக்குதல் எளிதன்று.

என் கதையும் அத்தகையதே. பயிற்சி பெற்ற காலத்தில் விடுதி நண்பரோடு தொடங்கிய பழக்கம், நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு சிகரெட்டு என வளர்ந்தது. நாற்பதாவது வயதில் அதனை விட்டேன். பதினான்கு மாதங்கள் தொட்டேனல்லேன். பின்பு என் தாய்மாமனார் காலமானார். இழவு வீட்டில் இரவு விழித்திருந்தபொழுது பழைய நண்பர் ஒருவர் பெட்டியை நீட்டினார். ஒன்றுதானே என்று எடுத்தேன். மறுநாள் மூன்று, பத்து நாட்களுள் பழைய பன்னிரண்டு.

ஒரு மாலை கடைவாயிலில் நின்று புகைத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பு மாணவன் ஒருவன் சைக்கிளில் வந்தான். “வணக்கம் சேர்” என்றான். கையைப் பின்னால் மறைத்தேன்; அவன் கண்டுகொண்டான். அன்று காலையிலேதான் அவனுடைய கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, “பிழைகளைத் திருத்தி மீண்டும் எழுதி வா” என்று கூறியிருந்தேன். அவன் முகங் கோணாமல் எழுதி வந்தான். மாணவனுக்கு விதித்ததை ஆசிரியன் தனக்கு விதித்துக்கொள்ளாதது ஏன் என்ற கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. விட்டவன் மீண்டும் வீழ்வதன் காரணத்தை அறிய முற்பட்டது அதன் பின்னரே.

புகையிலுள்ள நிக்கொட்டின் என்னும் பொருள், உள்ளிழுத்த பத்து இருபது விநாடிகளில் நுரையீரல் வழியாக மூளையை அடைந்து, இன்பவுணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற பொருளைச் சுரப்பிக்கின்றது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் குருதியிலுள்ள நிக்கொட்டினின் அளவு பாதியாகக் குறைந்துவிடும். உடனே அடுத்த வேட்கை எழும். நாளடைவில், நிக்கொட்டினை ஏற்கும் வாங்கிகள் மூளையிற் பெருகுகின்றன. புகைத்தலை நிறுத்தியவர்க்குச் சினம், அமைதியின்மை, மனம் ஒன்றாமை, உறக்கக் குறைவு முதலியன தோன்றுதல் இதனாலேயே. இவை முதல் வாரத்தில் மிகுந்து, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும்.

அங்ஙனமாயின், பதினான்கு மாதங்கழித்து நான் வீழ்ந்தது எதனால்? உடல் மறந்தாலும் நினைவு மறப்பதில்லை. தேநீர்க் கோப்பை, உணவுக்குப் பிந்திய ஓய்வு, பழைய நண்பர் முகம், துயரம் ஆகிய ஒவ்வொன்றோடும் புகையை ஆண்டுக்கணக்கிற் பிணைத்து வைத்திருக்கின்றோம். அப்பிணைப்புகளுள் ஒன்று எதிர்பாராத வேளையில் இழுக்கின்றது.

ஆயினும் சறுக்கல் வேறு, வீழ்ச்சி வேறு. ஒன்றைப் புகைத்தது சறுக்கல். பன்னிரண்டுக்குத் திரும்பியது வீழ்ச்சி. முன்னதைப் பின்னதாக்குவது பெரும்பாலும் நம் எண்ணமே. அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லற் 1985இல் யூடித் கோர்டனுடன் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். கந்தசட்டி விரதம் இருப்பவர் ஒருவர் மறதியால் ஒரு வாய் உண்டுவிட்டு, ‘விரதந்தான் கெட்டதே’ என்று மூன்று வேளையும் உண்பதை ஒத்தது அம்மனநிலை. ‘நான் உறுதியற்றவன்’ எனத் தன்னையே பழிப்பவர் மேலும் வீழ்கின்றார். ‘இன்ன இடத்தில் இன்னதால் தவறினேன்’ என ஆராய்பவர் எழுகின்றார்.

பலமுறை முயலவேண்டியிருத்தல் இழுக்கும் அன்று. கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்திற் புகைப்போரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று, பலருக்கு முப்பது முயற்சிகளுக்கு மேலும் வேண்டியிருக்கலாம் என மதிப்பிட்டது. சாண் ஏற முழம் சறுக்கிற்று என்பது பழமொழி. பதினான்கு மாதம் விட்டிருந்து பத்து நாள் புகைத்தவரோ முழம் ஏறிச் சாண் சறுக்கியவர். விட்டிருந்த காலத்தில் அவர் கற்றது எதுவும் அழியவில்லை.

மீண்டும் விட முயல்வோர் புத்தாண்டையோ தைப்பொங்கலையோ எதிர்பார்த்துக் காத்திருத்தல் வேண்டா. சறுக்கிய அன்றே நிறுத்துதல் நன்று. எஞ்சிய சிகரெட்டுகளை நீரிலிட்டு எறிக. எங்கே, யாருடன், எந்த மனநிலையில் தொட்டோம் என்பதை ஏட்டில் எழுதுக. அடுத்த முறை அவ்விடத்தில் என்ன செய்வோம் என்பதையும் அருகில் எழுதுக. நான் எழுதியது: ‘இழவு வீடு, இரவு விழிப்பு, நண்பர். இனிமேல் முன்னதாகவே அவரிடம் சொல்லிவைத்தல்.’ வேட்கை எழுந்தால் அது சில நிமிடங்களில் தணியும் என்பதை நினைந்து, தண்ணீர் அருந்துக, அல்லது எழுந்து நடக்க.

வைத்தியரை நாடுதலும் கோழைத்தனம் அன்று. சுவீடனில் நீர்மூழ்கிக் கப்பலிற் புகைக்க இயலாத மாலுமிகள் புகையிலையை மென்று வேட்கை தணித்ததே நிக்கொட்டின் கலந்த சுவிங்கம் உருவாக வழிகாட்டிற்று. அத்தகைய மாற்றுப்பொருள்களையும் சில மருந்துகளையும், அவற்றோடு அறிவுரையையும், உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியிற் பரிந்துரைத்துள்ளது. மனவுறுதியோடு துணையும் சேர்ந்தால் வெற்றி அணித்தாகும்.

காலங்கடந்துவிட்டது என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. பிரித்தானிய வைத்தியர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ரிச்சட் டொல் குழுவினர் 2004இல் வெளியிட்ட முடிவின்படி, தொடர்ந்து புகைப்போர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கின்றனர். முப்பது வயதில் விட்டவர் அப்பத்தையும், நாற்பதில் விட்டவர் ஒன்பதையும், ஐம்பதில் விட்டவர் ஆறையும், அறுபதில் விட்டவர் மூன்றையும் மீட்கின்றனர்.

நான் மீண்டும் விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இனி ஒருபோதும் தொடேன் எனச் சூளுரைக்க நான் துணியேன். யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கினால் அன்றே எழுவேன் என்று மட்டும் கூறுவேன். இன்னும் தொடங்காத மாணவர்காள், முதலாவதைத் தொடாதிருப்பதே உங்களுக்கு எளிய வழி. தொடங்கி, விட்டு, வீழ்ந்த நண்பர்காள், பிழைதிருத்தி மீண்டும் எழுதுதல் நம் கல்லூரியில் யாவரும் பயின்ற பாடமன்றோ?