தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

வீட்டின் பின்புறத்தில் நீல நிறத்தில் மின்னும் நீச்சல் குளத்தைக் கண்டால், உடனே இறங்கி நீந்தத் தோன்றும். நீர் தெளிவாக இருந்தால் தூய்மையாகவும் இருக்கும் என்பது பலரின் எண்ணம். வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பது குளத்து நீருக்கும் பொருந்தும். அடித்தளம் தெளிவாகத் தெரியும் நீரிலும் கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்களும் வைரசுகளும் இருக்கக்கூடும். ஆகவே, குளப் பராமரிப்பைப் புதிதாகக் கற்றுக்கொள்பவர் கண்ணை மட்டும் நம்பாமல் அளந்து பார்க்கப் பழக வேண்டும். இதுவே முதற்பாடம்.

முதலில் அளக்க வேண்டியது குளத்தின் கொள்ளளவு. செவ்வக வடிவக் குளமாயின் நீளம், அகலம், சராசரி ஆழம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் போதும். எடுத்துக்காட்டாக, 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் சராசரி ஆழமும் கொண்ட குளத்தில் 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர் நீர் இருக்கும். இந்த எண் தெரியாமல் குளத்தில் இரசாயனம் இடுவது, நோயாளியின் எடையை அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்து, நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தேங்கிய நீரில் பாசி எளிதில் வளரும். பம்பு குளத்து நீரை உறிஞ்சி, மணல் நிரப்பிய வடிகட்டியின் வழியாகச் செலுத்தி, மீண்டும் குளத்திற்கே அனுப்புகிறது. மணிக்கு 8,000 லிட்டர் நீரை இறைக்கும் பம்பு, மேற்கண்ட குளத்தின் கொள்ளளவுக்குச் சமமான நீரை வடிகட்ட 6 மணி நேரம் ஆகும். நாளடைவில் மணலில் அழுக்கு சேரும். நீர் செல்வது கடினமாகும். வடிகட்டியின் மேலுள்ள அழுத்தமானி இதைக் காட்டிக் கொடுக்கும். மணல் சுத்தமாக இருந்தபோது காட்டிய அளவைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் உயர்ந்தால், நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவ வேண்டும்.

வடிகட்டி அழுக்கை நீக்கும். ஆனால் கிருமிகளைக் கொல்லாது. அந்தப் பணியைக் குளோரின் செய்கிறது. வீட்டுக் குளத்தில் ஒரு லிட்டர் நீருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருப்பது பொதுவான அளவாகும். கணக்கு எளிது. 48,000 லிட்டர் நீரில் குளோரின் அளவை லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயர்த்த 48 கிராம் குளோரின் தேவை. கடையில் வாங்கும் தூளில் 65 விழுக்காடு மட்டுமே குளோரின் என்றால், ஏறக்குறைய 74 கிராம் தூள் இட வேண்டும். இத்தனை பெரிய குளத்திற்கு இவ்வளவு சிறிய அளவு போதும் என்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கும். கை போன போக்கில் அள்ளிக் கொட்டினால், அளவுக்கு மிஞ்சிய குளோரின் கண்ணையும் தோலையும் எரிய வைக்கும்.

எனினும், குளோரின் இருப்பது மட்டும் போதாது. அது திறம்படச் செயல்படவும் வேண்டும். அதனைத் தீர்மானிப்பது நீரின் பி.எச். மதிப்பு. நீர் எந்த அளவுக்கு அமிலத்தன்மை அல்லது காரத்தன்மை கொண்டது என்பதை இம்மதிப்பு குறிக்கிறது. பி.எச். மதிப்பு 7.5ஆக இருக்கும்போது, நீரிலுள்ள குளோரினில் ஏறக்குறைய பாதி கிருமிகளை விரைந்து கொல்லும் வடிவில் இருக்கும். அம்மதிப்பு 8ஆக உயர்ந்தால் அது ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிடும். இட்ட குளோரின் ஒன்றுதான். ஆனால் அதன் வலிமையில் பாதி போய்விடுகிறது. எனவேதான் பி.எச். மதிப்பை 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைத்திருக்கின்றனர். உரிய அளவு குளோரினும் சரியான பி.எச். மதிப்பும் உள்ள நீரில் பல பாக்டீரியாக்கள் சில நிமிடங்களுக்குள் அழிந்துவிடும்.

இவ்விரண்டையும் அறியச் சோதனைத் தாளோ சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியோ பயன்படும். நீரின் மேற்பரப்பில் எடுக்காமல், முழங்கை ஆழத்தில் நீரை மொண்டு சோதிக்க வேண்டும். இங்கு ஒரு கவனம் தேவை. சிலவகைச் சோதனைகளில் குளோரின் மிக அதிகமாக இருந்தால், தோன்ற வேண்டிய இளஞ்சிவப்பு நிறமே வெளுத்துவிடும். குளோரின் இல்லை என்று தவறாக எண்ணி மேலும் இடுபவரும் உண்டு. முடிவு ஐயத்திற்குரியதாக இருந்தால், தூய நீர் கலந்து மீண்டும் சோதிப்பது நல்லது.

மலேசியாவில் குளத்தைப் பராமரிப்போர் வெயிலையும் மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் குளோரினைச் சில மணி நேரத்தில் பெருமளவு சிதைத்துவிடும். இதைத் தடுக்கச் சயனூரிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்ப்பர். அதுவும் மிகுந்துவிட்டால் குளோரினின் வேகம் குறையும். மழையின் விளைவு வேறு. 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், மேற்கண்ட குளத்தில் 1,600 லிட்டர் நீர் நேரடியாகச் சேரும். மழைநீரைவிட, அதனுடன் வரும் இலை, தூசி, மண் ஆகியவையே பெரிய சிக்கல். குளோரின் அவற்றோடு போராடித் தீர்ந்துவிடும். ஆகவே, கனமழைக்குப் பின் இலைகளை வலையால் அகற்றி, நீரை மீண்டும் சோதிக்க வேண்டும்.

சில குளங்களில் மூக்கைத் துளைக்கும் நெடி வீசும். குளோரின் அதிகமாகிவிட்டது என்று பலர் கருதுவர். உண்மையில், வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் வினைபுரிவதால் உண்டாகும் குளோரமின் என்னும் பொருளே அந்நெடிக்குக் காரணம். கண் சிவப்பதற்கும் அதுவே பெரும்பாலும் காரணம். நெடி வீசும் குளத்தில் குளோரின் போதாமல்கூட இருக்கலாம். நீந்துவதற்கு முன் ஒரு நிமிடம் உடலைக் கழுவிக்கொள்வதும், குளத்தில் சிறுநீர் கழிக்காமல் இருப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

சில நாள்கள் கவனிக்காமல் விட்டால் குளம் பச்சை நிறமாகிவிடும். அப்போது நீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டால் வேலை எளிது என்று தோன்றும். ஆனால், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்திருந்தால், வெறுமையான குளத்தின் தளத்தைக் கீழிருந்து அந்நீர் மேலே தள்ளி விரிசலை உண்டாக்கக்கூடும். சுவர்களைத் தூரிகையால் தேய்த்து, பி.எச். மதிப்பைச் சரிசெய்து, குளோரினை உயர்த்தி, நீர் தெளியும்வரை பம்பை இயக்குவதே முறை. இதற்குப் பல நாள்கள் ஆகலாம். அதுவரை யாரும் குளத்தில் இறங்கக்கூடாது.

கைவிடப்பட்ட குளம் அக்கம்பக்கத்தாருக்கும் கேடு விளைவிக்கும். குளோரின் இல்லாத தேங்கிய நீரிலும், குளத்தை மூடிய விரிப்பின் மடிப்புகளில் நிற்கும் மழைநீரிலும் கொசுக்கள் முட்டையிடும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறக்குறைய ஒரு வாரமே போதும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் கொசு வீட்டு வளாகத்தில் பெருக இடமளிப்பது, நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலேசியாவில் குற்றமாகும்.

இரசாயனங்களைக் கையாளும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. குளோரினையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயு வெளியாகும். இருவேறு வகைக் குளோரின்களைக் கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அகப்பை வேண்டும். எப்போதும் நீரில்தான் இரசாயனத்தை இட வேண்டுமே தவிர, இரசாயனத்தின் மீது நீரை ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பெரியவர்களே இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

நீரின் தூய்மைக்கு மேலான கடமையும் ஒன்று உண்டு. சிறு குழந்தை நீரில் மூழ்கும்போது பெரும்பாலும் கூச்சல் எழாது. ஓரிரு நிமிடங்களில் ஆபத்து முடிந்துவிடும். குளத்தைச் சுற்றி நான்கு புறமும் வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு, அடியிலுள்ள வடிகால் துளைக்கு உறுதியான மூடி ஆகியன இருக்க வேண்டும். இவை இருந்தாலும், கண்காணிக்கும் பெரியவர் ஒருவர் கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு அருகில் இருப்பது அவசியம்.

இவ்வேலைகளில் எதுவும் பெரும் உழைப்பைக் கேட்பதில்லை. வாரத்திற்கு இரண்டு மூன்று முறை நீரைச் சோதித்து, தேதியையும் அளவுகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால் போதும். சில மாதங்களில், எந்த மழைக்குப் பின் என்ன மாறுகிறது, எத்தனை பேர் நீந்தினால் குளோரின் எவ்வளவு குறைகிறது என்பதை அந்த ஏடே சொல்லிவிடும். அப்போது, புதியவராகத் தொடங்கியவர் தம் குளத்தை நன்கு அறிந்தவராக ஆகியிருப்பார்.