மூடிய துறையும் எண்ணும் கருவியும்

கம்பிவழி வலையமைப்பில் துறை என்பது கையால் தொடக்கூடிய துளை. கம்பியில்லா அணுகு முனையிலோ துளையில்லை. இணையும் ஒவ்வொரு கருவிக்கும் கருத்தளவிலான துறையொன்றை அது வகுத்துக்கொள்கிறது. 2001இல் வெளியான 802.1எக்ஸ் தரநிலைப்படி, அத்துறை முதலில் மூடியே இருக்கும். அடையாளம் உறுதிசெய்யும் செய்திகள் மட்டுமே செல்லும். அணுகு முனை தானாக முடிவெடுப்பதில்லை. பயனரின் சான்றுகளைச் சேவையகத்திற்கு அனுப்பி, அது இசைந்த பின்னரே துறையைத் திறக்கிறது.

இந்நிகழ்வுகளை அது எண்ணியும் வைக்கிறது. தொடக்கக் கோரிக்கைகள் பெருகியும் துறை திறவாதபோது அவ்வெண்கள் உதவும். மறுப்புகள் மிகுந்திருப்பின் கடவுச்சொல் பெரும்பாலும் தவறானது; மறுமொழியே வராவிடில் சேவையகத்தையோ அதற்குச் செல்லும் வழியையோ ஆராய வேண்டும். ஒரே கருவி பன்முறை மறுக்கப்படின் அத்துமீறல் என ஐயுறலாம். எனினும், மாற்றப்பட்ட கடவுச்சொல்லை அறியாத கைபேசியும் அவ்வாறே ஓயாமல் கதவைத் தட்டும்.