செல்ஃப் அடிக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை!



வாடகை வண்டியை நம்பி மண்டிக்குப் போன காலம் மாறி, இன்று சில்லறை மளிகைக் கடைக்காரர்கள் பலர் சொந்தமாகவே ஒரு வண்டி வைத்திருக்கிறோம். மாருதி ஆம்னியில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு அரிசி மூட்டை ஏற்றியவர்கள் நம்மில் ஏராளம். 2005-ல் டாடா ஏஸ் வந்தது. 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். சந்து பொந்தெல்லாம் நுழைந்து சரக்கு இறக்கிய அந்தச் சிறு வண்டியால் சிறு வியாபாரியும் லோடு வண்டிக்குச் சொந்தக்காரர் ஆனார்.

சொந்த வண்டிக்குச் சொந்தத் தொல்லையும் உண்டு. விடியற்காலை மண்டியில் தக்காளியும் வெங்காயமும் ஏற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகவே அடிக்கிறது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. ஆறரை மணிக்குக் கடை திறந்தாக வேண்டும். வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார், எதிர்க் கடைக்குப் போவார். ஒரு நாள் போனவர் மறுநாளும் அங்கேயே போகக் கூடும். அந்தப் பதற்றத்தில் செல்ஃபை விடாமல் அடித்து, நன்றாக இருந்த பேட்டரியையும் தீர்த்துவிடுகிறவர்கள் உண்டு. வருகிற மெக்கானிக் கேட்கிற உதிரிப் பாகத்தையெல்லாம் வாங்கிக் கொடுத்து, நாலாவது பாகத்தில் வண்டி ஓடியது என்று சொல்கிறவர்களும் உண்டு. முதல் மூன்றுக்குக் கொடுத்த பணம் யார் கணக்கு?

நாம் மெக்கானிக் அல்ல, மொத்த வியாபாரி. ஆனால் கல்லாவில் பணம் குறைந்தால் எந்த வரவு வரவில்லை, எந்தச் செலவு எழுதவில்லை என்று முதலில் பார்க்கிறோமே தவிர, கல்லாப் பெட்டியை மாற்றுவதில்லை. வண்டிக்கும் அதே முறைதான்.

செல்ஃப் சுறுசுறுப்பாக இன்ஜினைச் சுற்றுகிறது என்றாலே பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். பெட்ரோல் இன்ஜின் பிடிக்க எரிபொருள், பிளக்கில் கரண்டு, சிலிண்டரில் காற்றின் அழுத்தம் ஆகிய மூன்றும் தேவை. மூன்றும் சரியான நேரத்தில் சேர வேண்டும். இவற்றில் எது வரவில்லை என்பதுதான் கேள்வி. செல்ஃப் சோம்பலாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் மட்டும் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் இன்ஜின் சுற்றும். ஆனால் வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போதிய கரண்டு கிடைக்காமல் போகலாம்.

ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். அடித்த பின் ஒரு நிமிடமாவது விட வேண்டும். மண்டிப் பையன்கள் நாலு பேர் கூடி வண்டியைத் தள்ளுகிறார்களே, அதிலும் பயன் இல்லை. தள்ளினால் இன்ஜின் சுற்றும், அவ்வளவுதான். அதைத்தான் செல்ஃப் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறதே! போதாக்குறைக்கு, எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே சூடேறி அதைக் கெடுத்துவிடும். அது விலை கூடிய சாமான்.

இனி, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, ரேடியோவை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் டாங்க் பக்கத்திலிருந்து இரண்டு விநாடி 'உய்ய்' என்று பம்ப் ஓடும் சத்தம் வரும். வரவில்லை என்றால் பம்பையே குறை சொல்ல வேண்டாம். முதலில் ப்யூஸ், அடுத்து ரிலே. ஹாரனுக்கு உள்ள ரிலே அதே எண் கொண்டதாக இருந்தால், அதைக் கழற்றி பம்ப் ரிலே இடத்தில் போட்டுப் பார்க்கலாம். காசு செலவில்லாத சோதனை இது. எரிந்த ப்யூசுக்குப் பதில் கம்பி சுற்றிப் போடுவது மட்டும் கூடாது. வண்டியில் தீப்பிடிக்க அது ஒன்றே போதும்.

டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கைப் பாருங்கள். சாவி போட்டதும் அது எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் கம்ப்யூட்டருக்குக் கரண்டு போகாமல் இருக்கலாம். சாவி படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், வண்டி நம் சாவியை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. அது திருட்டுத் தடுப்பு ஏற்பாடு. வீட்டில் பீரோவில் கிடக்கும் இரண்டாவது சாவியை வரவழைத்துப் போட்டுப் பாருங்கள். ஆர்.பி.எம். முள் உள்ள வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது முள் சற்று அசையும். அசையாமலே கிடந்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம், எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது என்றாலும். இந்தச் சென்சார் ஒரு விசித்திரமான பேர்வழி. சூடானால் படுத்துக்கொள்ளும், ஆறினால் எழுந்துகொள்ளும். மெக்கானிக் வரும்போது வண்டி நன்றாக ஓடும், அவர் போனதும் நிற்கும். ஸ்கேனரில் பி0335 என்று வந்தால் இந்தச் சென்சாரிலோ இதன் இணைப்பிலோ குறை இருக்கலாம்.

பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தால் பிளக் நனைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி சில விநாடி செல்ஃப் அடித்தால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் நின்று காற்று மட்டும் போய் ஈரம் உலரும். அம்பாசிடர் காலத்தில் பிளக் வயரைக் கழற்றி பாடியில் காட்டிப் பொறி பார்ப்பார்கள். இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் காயிலும் கம்ப்யூட்டரும் கெடலாம்.

செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, லேசாக, விட்டுவிட்டு வரும் இழுப்பே இல்லாமல் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேற்கொண்டு அடித்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி வால்வு வளையலாம்.

மளிகைக்காரர்களான நமக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது: எலி. நமது கிடங்கை ஒட்டி நின்ற வேன் ஒரு காலையில் பிடிக்கவில்லை. முதலில் வந்தவர் பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று சொல்லி விலையும் சொல்லிவிட்டார். சாவி போட்டால் டாங்கில் பம்ப் சத்தம் நன்றாகக் கேட்கிறதே என்று நாம் சொன்னோம். பிறகுதான் அவர் இன்ஜின் மூடியைத் திறந்தார். சென்சாருக்குப் போகும் வயரை எலி கடித்து வைத்திருந்தது. இரவில் வண்டி வந்து நின்றதும் இன்ஜின் கதகதப்பாக இருக்கும். தளத்தில் அரிசியும் வெல்லத் தூளும் சிந்திக் கிடக்கும். எலிக்கு வேறென்ன வேண்டும்? தினமும் வண்டித் தளத்தைக் கூட்டுவதும், கிடங்குச் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்துவதும்தான் வழி. புகையிலையும் பாச்சை உருண்டையும் வைக்கிறவர்கள் உண்டு. நமக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

டீசல் வண்டியில் பிளக் பொறி கிடையாது. அழுத்தத்தில் காற்று சூடாகி, அந்தச் சூட்டில் டீசல் எரிகிறது. அதனால் அங்கே பெரும்பாலும் டீசல் வரத்தைத்தான் தேட வேண்டும். டாங்க் வற்றும்வரை ஓட்டிவிட்டு டீசல் ஊற்றினால் குழாயில் ஏர் பிடித்துக்கொள்ளும். ஃபில்டர் மேல் உள்ள கைப் பம்பை இறுகும்வரை அமுக்கி ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் திருகைத் தளர்த்தி வடித்துவிடலாம். பழைய இயந்திர பம்ப் வண்டிகளில் சாவி போட்டதும் 'டக்' என்று சோலனாய்டு சத்தம் வர வேண்டும்; வராவிட்டால் டீசல் அங்கேயே நின்றுவிடும். காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் குழாய்களை மட்டும் யாரும் தளர்த்திப் பார்க்க வேண்டாம். ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பெட்ரோல் வண்டிக்கும் தண்ணீர்த் தொல்லை உண்டு. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். நாள்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் இதைக் கவனிக்க வேண்டும். கேஸில் ஓடும் வண்டிக்காரர்கள் பெட்ரோல் டாங்கைக் காயவிடுவதும் தவறு. பம்புக்குக் குளிர்ச்சி தருவதே அந்தப் பெட்ரோல்தான்.

மெக்கானிக்கைப் போனில் கூப்பிடும்போது 'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை' என்று மட்டும் சொல்லாமல், செல்ஃப் அடிக்கிறது, பம்ப் சத்தம் வருகிறது அல்லது வரவில்லை, எந்த விளக்கு எரிகிறது, கடைசியாக எங்கே எரிபொருள் போட்டோம் என்று சொல்லுங்கள். டிரைவரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகம் மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன எதையும் வெள்ளத்தில் நின்ற வண்டியில் செய்ய வேண்டாம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பார்த்தோம். தண்ணீர் இன்ஜின் வரை ஏறிய வண்டியில் சாவியையே திருப்பக் கூடாது. உள்ளே போன தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி ஆன சேதத்தை, வெள்ளத்தால் அல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளிவிடுவதுண்டு. இன்ஜின் பாதுகாப்பு என்று கூடுதல் பிரீமியத்தில் தனிப் பிரிவு கிடைக்கிறது. உங்கள் வண்டி வகைக்கு உண்டா என்று பாலிசி புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.