டயரிலும் காற்று, இருக்கையிலும் காற்று

இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லாத ஒருவர், கொழுத்த சக்கரங்கள் கொண்ட வண்டியில் பாறையும் சேறுமான காட்டுத்தடத்தில் ஏறிப் போகும் காணொளியை வாசகர் ஒருவர் அனுப்பியிருந்தார். "இது நிஜந்தானா? கவிழ்ந்தால் என்ன ஆவது?" என்று கேட்டிருந்தார்.

நிஜந்தான். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் ஹேட்ஃபீல்டு மெக்காய் தடங்கள் போல, கரடுமுரடான நிலத்தில் ஓடும் ஏடிவி வண்டிகளுக்கென்றே பராமரிக்கப்படும் மலைப்பாதைகள் பல உண்டு. தண்டுவடம் காயப்பட்டவர்களும் அப்படிப்பட்ட பாதைகளில் ஓட்டுகிறார்கள். கவிழும் ஆபத்தும் நிஜம். ஆனால் அந்தக் காணொளியைப் பார்த்தபோது அவர் கவிழ்வதைவிட உட்கார்ந்திருப்பதுதான் என்னைக் கவலைப்படுத்தியது.

முதலில் வண்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறது, அப்போது விற்க ஏதாவது கொடுங்கள் என்று அமெரிக்க முகவர்கள் ஹோண்டாவிடம் கேட்டார்கள். அந்நிறுவனத்தின் பொறியாளர் ஒசாமு டகேயுச்சி, பனியிலும் சேற்றிலும் புதையாத மூன்று சக்கர வண்டியை வடிவமைத்தார். 1970-இல் அது சந்தைக்கு வந்தது. 1982-இல் சுசுகி நான்காவது சக்கரத்தைச் சேர்த்தது. கவிழ்ந்து பலர் உயிரிழந்ததால் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை 1988-இல் அங்கே நின்றுபோனது. வரலாறு இவ்வளவு போதும்.

ஏடிவியின் ஆக்சிலரேட்டர் கட்டைவிரலில், பிரேக் பெரும்பாலும் கையில். காலுக்கு வேலையே இல்லையே என்று தோன்றும். விற்பவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். உண்மையில் ஓட்டுபவரின் உடம்பு அந்த வண்டியின் ஓர் உறுப்பு. வளைவில் உள்பக்கம் சாய வேண்டும். ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும். பள்ளம் வந்தால் முழங்காலை மடக்கி எழுந்து நிற்க வேண்டும். வயிற்றுத் தசையும் காலும் ஒத்துழைக்காதவரால் இதில் எதையும் செய்ய முடியாது. சரிந்த கால் பின்சக்கரத்துக்கு அடியில் போகலாம், புகைக்குழாயில் பட்டு வேகலாம்; வலி என்ற தகவல் மூளைக்கு வராது. அதனால் பலர் 'சைடு பை சைடு' எனப்படும் பக்கத்துப் பக்கத்து இருக்கை வண்டிக்கு மாறுகிறார்கள். சுற்றிலும் இரும்புக் கூண்டு, உடம்பைப் பிடித்து நிறுத்தும் நான்கு முனைப் பட்டை, கிளட்ச் இல்லாத ஓட்டம். ஸ்டீயரிங் பக்கத்தில் பொருத்திய கைநெம்புகோலைத் தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம்.

இனி நான் சொல்ல விரும்பும் விஷயம். முதல் ஹோண்டாவின் பலூன் டயரில் இருந்த காற்று சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 பவுண்டுதான். கார் டயரில் 30-ஐ ஒட்டி இருக்கும். டயர் தரையை அழுத்தும் அழுத்தம், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் பரவி எடையைப் பகிர்ந்துகொள்கிறது. அந்த 2 பவுண்டை மருத்துவர் கணக்கில் மாற்றினால் 100 மி.மீ. பாதரசத்துக்குச் சற்று அதிகம். நம் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடவும் குறைவு! கட்டைப் பலகையில் உட்கார்ந்திருப்பவரின் இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கு அடியில் அழுத்தம் எளிதாக 100-ஐத் தாண்டும். அந்த டயர் மண்ணை மிதிப்பதைவிடக் கடுமையாக மனிதனின் எலும்பு அவன் தசையையே மிதிக்கிறது.

நாம் பிழைத்திருப்பது அடிக்கடி நெளிவதால். நரம்பு முணுமுணுக்கிறது, நாம் அறியாமலே புரண்டு உட்காருகிறோம். அந்த முணுமுணுப்பு அறுந்தவருக்குப் புண் வருகிறது. 32 மி.மீ.க்குக் கீழே அழுத்தம் இருந்தால் புண்ணே வராது என்று மெத்தை விற்பவர்கள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். அது 1930-இல் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் விரல் நகத்தின் ஓரத்து நுண்குழாயில் அளந்த எண். இடுப்புச் சதைக்கு அது எல்லைக்கோடு அல்ல.

அழுத்தம் மட்டுமே காரணமும் அல்ல. பிசைந்த சப்பாத்தி மாவை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், நசுங்கும், கிழியாது. அழுத்திக்கொண்டே இழுத்தால் கிழியும். தண்ணீர் கூடிய மாவு பலகையில் ஒட்டிக்கொண்டு இன்னும் சீக்கிரம் கிழியும். வியர்வையில் ஊறிய தோலும் அப்படித்தான். உலர்ந்த மாவு தொட்டுத் தேய்த்தால் வழுக்கும். மெத்தை உறையை வழுவழுப்பான துணியில் தைப்பது அதற்காகத்தான். இப்போது மாவு உருண்டைக்குள் ஒரு கோலிக்குண்டை வைத்து மேலிருந்து அமுக்குங்கள். வெளியே மாவு முழுசாகத் தெரியும், கோலியை ஒட்டிய இடம் சிதைந்திருக்கும். ஆழமான அழுத்தப் புண் பல நேரங்களில் எலும்பை ஒட்டித்தான் தொடங்குகிறது. தோலில் தெரியும்போது உள்ளே சேதம் முடிந்திருக்கும். வண்டி குதித்து இறங்கும்போது உடல் எடை ஒரு கணம் இரட்டிப்பாகலாம். காலை ஊன்றி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத் தண்டுவடம் காயப்பட்டவரால் முடியாது. மலைத்தடத்தில் அந்த மாவைப் பிசைந்துகொண்டே போகிறோம்.

இதற்குக் கண்ட தீர்வும் டயரின் தீர்வேதான். ஒன்றோடொன்று இணைந்த சிறுசிறு காற்றறைகள் கொண்ட மெத்தை. ஓர் அறை அமுங்கினால் காற்று பக்கத்து அறைக்கு ஓடுகிறது. காற்று கூடினால் பந்தின் மேல் உட்கார்ந்ததுபோல் உடம்பு ஆடும், இடுப்புப் பட்டை பிடிக்காது. குறைந்தால் எலும்பு அடித்தட்டில் இடிக்கும். மெத்தைக்கும் எலும்புக்கும் இடையே கையை நுழைத்துப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். மலையேறும்போது இதில் இன்னொரு சிக்கல். 1500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். அடிவாரத்தில், கடல் மட்டத்தில், 5 பவுண்டு வைத்த டயர், வெப்பநிலை மாறாதிருந்தால் அங்கே 7-ஐத் தாண்டும். மெத்தையும் அதேபோல் புடைத்து இறுகும். ஏறும் வழியில் டயரையும் மெத்தையையும் இரண்டையும் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தீராத வியப்பு.

"சுதந்திரம்" என்று விளம்பரங்கள் பெரிய எழுத்தில் போடுகின்றன. அந்த ஆசையை நான் முழு மனதோடு மதிக்கிறேன், அதனால்தான் குதிரைத்திறனைப் பற்றி மட்டும் பேசும் விளம்பரங்கள் மீது கோபம் வருகிறது. மார்பு மட்டத்தில் ஆறாம் முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ காயப்பட்டவருக்கு, இறுகிய பட்டையோ மடங்கிய சிறுநீர்க் குழாயோ போதும், ரத்த அழுத்தம் திடீரென எகிறும். காயத்துக்குக் கீழே வியர்க்காது, உடல் சூடேறிக்கொண்டே போகும். அசையாத கால்களில் எலும்பு மெலிந்திருக்கும். சின்ன இடியில் முறியும், முறிந்தது தெரியாது.

புண் வராமலிருக்க, வழியில் வண்டியை நிறுத்தி, முன்னால் குனிந்து இடுப்பெலும்பின் மீதுள்ள எடையைக் குறைக்க வேண்டும். கையை ஊன்றிச் சில விநாடி எழும்பி உட்கார்வது போதாது. திசுக்களில் ஆக்சிஜன் பழைய நிலைக்குத் திரும்பச் சுமார் 2 நிமிடம் ஆகிறது என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். இரவில் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியில் பின்பக்கத் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்திருக்கிறதா பாருங்கள் என்றுதான் பல கையேடுகளில் இருக்கும். நம்மைப் போன்ற கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கையால் தொட்டு, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த இடத்தில் எடை விழாமல் படுத்திருக்க வேண்டும், மறுநாள் தடம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.